ஊரிலேயே குறைந்த கட்டுப்பணம்

மோட்டார் சைக்கிளுக்குக் காப்புறுதி எடுத்தவர்களை மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் ஆயிரக்கணக்கில் காணலாம். காப்புறுதிக் கம்பனியையே வென்றவர் ஊருக்கு ஒருவர்தான் இருப்பார். அவரைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. புது மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி ஒரு தேநீர்க் கடை வாசலில் நிறுத்திவிட்டு இறங்குங்கள். அவராகவே வந்து சேருவார். வந்தவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவார், பெற்றோல் தாங்கியைத் தட்டிப் பார்ப்பார், டயரை ஒரு விரலால் அழுத்துவார், என்ன விலை, லீற்றருக்கு எவ்வளவு ஓடுது என்று பதில் தேவைப்படாத கேள்விகளாகக் கேட்டு உங்களை இளக வைப்பார், கடைசியில் கலியாணத் தரகர் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்கும் குரலில் மெல்ல விசாரிப்பார்.

"இன்சூரன்ஸ் எவ்வளவு கட்டினீங்க?"

நீங்கள் ஒரு தொகையைச் சொல்வீர்கள். என்ன தொகை சொன்னாலும் ஒன்றுதான். அவர் கண்ணை மூடித் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவார். செத்த வீட்டில் செய்வது போல நாக்கால் 'ச்சு' என்று ஒரு சத்தம் போடுவார்.

"ஐயோ, நல்லா ஏமாத்திப் போட்டானுகளே! நான் எவ்வளவு கட்டின எண்டு தெரியுமா?"

தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆனால் சொன்ன தேநீர் இன்னும் வரவில்லை, எங்கே ஓடுவீர்கள்?

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இந்த இனத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் பழுகாமத்துக்குப் போய் வினாயகமூர்த்தியைப் பார்த்தால் போதும். வயது ஐம்பத்திரண்டு. கூட்டுறவுக் கடையில் முகாமையாளர். மற்றவர்கள் பிள்ளை கம்பஸ் போனதைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள், வயலில் ஏக்கருக்கு எத்தனை மூடை விழுந்தது என்று சொல்லிப் பெருமைப்படுவார்கள். வினாயகமூர்த்தியின் பெருமை ஒன்பதாயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய். முழுக் காப்புறுதிக்கு அவர் வருடம் கட்டும் பணம் அவ்வளவுதான். அதே மாதிரி வண்டிக்கு ஊரிலே மற்றவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்காயிரம் என்று கட்டிக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருவன் இதைவிடக் குறைத்துக் கட்டிவிட்டால் தாம் வெறும் கடை முகாமையாளராகிவிடுவோம் என்ற பயம் அவருக்கு நிசமாகவே இருந்தது.

அறிவில்லாத மனிதர் என்று எண்ணிவிடாதீர்கள். கட்டுப்பணத்தைக் கூட்டுவது எது, குறைப்பது எது என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்லுவார். எஞ்சின் பெரிதென்றால் கூடும், வண்டியின் பெறுமதி கூடினால் கூடும், வாடகை ஓட்டம் ஓடினால் கூடும், இளந்தாரி ஓட்டினால் கூடும், முன்பு விழுந்தெழும்பிய ஆள் ஓட்டினால் இன்னும் கூடும், இரவில் தெருவோரத்தில் நின்றால் கூடும், பூட்டுள்ள கொட்டகையில் நின்றால் குறையும், வெள்ளத்தையும் சேர்த்து எழுதச் சொன்னால் கூடும், ஒரு வருடம் இழப்பீடு கேட்காமல் இருந்தால் அடுத்த வருடம் குறையும். இதில் ஒரு சொல் பிழையில்லை. கவனமாக ஓட்டுகிறவனுக்குக் கட்டுப்பணம் குறையும் என்று படித்த மனிதன் என்ன செய்ய வேண்டும்? கவனமாக ஓட்டப் பழக வேண்டும். வினாயகமூர்த்தி கவனமாக ஓட்டும் வேறோர் ஆளைத் தேடினார்.

தேடிய ஆள் வீட்டிலேயே இருந்தாள். மனைவி யசோதினி. நாற்பத்தைந்து வயது, சாராயம் இல்லை, அவசரம் இல்லை. முக்கியமாக, அவளிடம் மோட்டார் சைக்கிள் ஓட்டும் அனுமதிப்பத்திரம் இருந்தது. புது வண்டி வாங்குவதற்கு ஆறு வருடத்துக்கு முன் மாதர் சங்கத்தார் பத்துப் பதினைந்து பெண்களைச் சேர்த்துப் பழக்கியபோது அவளும் போய்ப் பழகி, முதல் தடவையிலேயே சித்தியடைந்து, மூக்குத்தி மின்னப் படம் பிடித்து அட்டையும் எடுத்து வந்தாள். அன்று தொடக்கம் அந்த அட்டை அலுமாரியில் காணி உறுதியோடும் சாதகக் குறிப்போடும் நித்திரை கொண்டது. ரோட்டுச் சரியில்லை, மழை வரப் பார்க்குது, ஆர் என்ன சொல்லுவானோ என்று வினாயகமூர்த்தி ஆறு வருடமாக ஏதோ ஒன்றைச் சொல்லி அவளைத் தடுத்து வந்தார். ஆறு வருடமாக ஒரு குற்றமும் பதியாத, ஒரு கீறலும் படாத அனுமதிப்பத்திரம்! படுவான்கரை முழுக்கத் தேடினாலும் அவளைப் போல் ஒரு சாரதி கிடைப்பாளா?

ஆகவே இரண்டு வருடத்துக்கு முன் புது வண்டி வாங்கியபோது அதை அவள் பெயரிலேயே பதிந்தார். பெண் உரிமையாளர், பெண் சாரதி என்றால் காப்புறுதிக் கம்பனி கட்டுப்பணத்தில் ஒரு கழிவு கொடுத்தது. இந்தப் பகுதி வழக்கப்படி அவர் குடியிருந்த வீடும் வளவும் யசோதினியின் சீதனம். வட்டையில் இருந்த ஒன்றரை ஏக்கர் வயலும் அவளுடையது. அவருக்கென்று மிஞ்சியிருந்தது இந்த மோட்டார் சைக்கிள் ஒன்றுதான்; அதையும் கழிவுக்காக எழுதிக் கொடுத்தார். 'பெண்சாதிக்குப் பைக் வாங்கிக் குடுத்த மனிசன்' என்று ஊர் மெச்சியது. அவர் மறுக்கவில்லை.

படிவம் நிரப்ப வந்தவன் காத்தான்குடி ஷாமில், கம்பனியின் முகவர், கழுத்துப்பட்டியும் வெயிலில் கறுத்த முகமுமாகத் திரியும் நல்ல பையன்.

"ஓடப்போற ஆரு அண்ணன்?"

"மனிசி."

"அக்கா ஓடுவாவா?"

"லைசன் இரிக்கு."

"லைசன் இரிக்கிறது சரி. ஓடுவாவா எண்டுதான் கேட்டன்."

"தம்பி, அந்தக் கேள்வி படிவத்தில இரிக்கா?"

ஷாமில் படிவத்தை மேலும் கீழும் பார்த்தான். "இல்ல."

"அப்ப என்னத்துக்குக் கேக்கிறாய்? எழுது."

எழுதினான். எங்கே போய்வர? கோயிலுக்கும் சந்தைக்கும். இரவில் எங்கே நிற்கும்? பூட்டுள்ள கொட்டகையில். வளவில் கோழிக்கூட்டுக்கு ஒரு பூட்டு இருந்தது. கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் மாமரத்தின் கீழ் மோட்டார் சைக்கிள் நின்றது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் பூட்டுள்ள கொட்டகை. நிலம் எப்படி? மேட்டு நிலம், வெள்ளம் ஏறாது, ஆகவே வெள்ளத்தை வெட்டு. ஷாமில் பேனையை மூடும்போது ஒன்று சொன்னான்.

"அண்ணன், கவனம். இதில பேர் போட்ட ஆள் மட்டும்தான் ஓடலாம். வேற ஆள் ஓடி விழுந்தா கம்பனி ஒரு சதமும் தராது."

"நான் ஏன் விழப்போறன்?"

யசோதினி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போனாள். மீன் கருகப் பார்த்ததால் அவள் எதையும் வாசிக்கவில்லை.

அந்த மார்கழியில் வெள்ளம் வந்தது. எந்த மார்கழியில் வராமல் விட்டது? மேட்டு நிலத்தில் முழங்கால் அளவு தண்ணீர். நான்கு பேர் சேர்ந்து மோட்டார் சைக்கிளைத் தூக்கிக் கட்டிலில் ஏற்றினார்கள். வினாயகமூர்த்தி மூன்று இரவு கதிரையில் இருந்தபடி உறங்கினார். தண்ணீர் வடிந்ததும் கழுத்தைத் திருப்ப முடியாமலே தேநீர்க் கடைக்குப் போய், வெள்ளத்துக்கும் சேர்த்துக் காசு கட்டியவர்களைப் பார்த்துச் சிரித்தார். "உங்கட பைக்கெல்லாம் நனைஞ்சிதானே? என்ட பைக்கில ஒரு சொட்டுப் படல்ல. வெள்ளத்துக்கு நான் கட்டினது சுழியம்!" ஊசி போகிற இடத்தைப் பார்ப்பவர்கள் உலக்கை போகிற இடத்தைப் பார்ப்பதில்லை.

இப்படியே இரண்டு வருடம் பெருமையாகப் போனது. வந்த பங்குனியில் ஒரு செய்தி வந்தது. குருமண்வெளியில் ரதீஸ் என்ற மேசன் வெறும் மூவாயிரத்துச் சொச்சம் கட்டுகிறானாம்!

வினாயகமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் புறப்பட்டுப் போய் ரதீஸின் வீட்டைக் கண்டுபிடித்து, தண்ணீர் கூடக் கேட்காமல் காப்புறுதிப் பத்திரத்தைக் கேட்டார். அவன் எடுத்து நீட்டினான். மேலிருந்து கீழாக வாசித்தவரின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. அது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. அவன் மோதி அடுத்தவனுக்குச் சேதம் வந்தால் மட்டும் காசு. சொந்த வண்டி சுக்குநூறானாலும் ஒன்றுமில்லை.

"தேட் பார்ட்டி! தம்பி, இது இன்சூரன்ஸே இல்ல. பொலிசுக்குக் காட்டுற துண்டு!"

"அதுக்குத்தான் எடுத்த நான்" என்றான் ரதீஸ்.

திரும்பி வரும்போது வினாயகமூர்த்தி ஓட்டினார் என்று சொல்ல முடியாது, மிதந்தார். அது அறுவடைக் காலம். தார் ரோட்டில் பாதிக்கு மேல் நெல் காயப்போட்டிருந்தார்கள். பழுகாமத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில், குடைக்குக் கீழே இருந்து நெல்லுக்குக் காவல் காத்த பெண்ணொருத்தி தெரிந்த முகமாக இருந்தாள். இந்தச் செய்தியை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. தலையைத் திருப்பி, "அவன் கட்டினது தேட் பார்ட்டியாம் புள்ள!" என்று கத்தினார். அந்தக் கணத்தில் முன்சக்கரம் நெல்லில் ஏறியது. யானைக்கும் அடி சறுக்கும். நெல்லில் ஏறிய மோட்டார் சைக்கிளுக்குச் சொல்ல வேண்டுமா?

காவல்காரி ஓடிவந்து முதலில் நெல்லைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். முழங்கால் தோல் உரிந்து இரத்தம் வடிந்தது. வண்டியின் முன்பக்கம் கோணி, விளக்கு உடைந்து, தாங்கி நசுங்கிக் கிடந்தது. திருத்துகிறவன் பார்த்துவிட்டு அறுபத்தெட்டாயிரம் என்றான். அவ்வளவு காசு வினாயகமூர்த்தியிடம் இல்லை. கம்பனி கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் வண்டி மாமரத்தின் கீழ் கிடந்து துருப்பிடிக்க வேண்டியதுதான்.

மறுநாள் காலை மதிப்பீட்டாளர் வருவதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். அன்று பின்னேரம் அவர் மனைவியிடம் இரகசியக் குரலில் பேச்சைத் தொடங்கினார்.

"யசோ, நாளைக்கு ஆள் வந்து கேட்டா, நீதான் ஓடி விழுந்த எண்டு சொல்லு."

"நான் எங்க விழுந்த?"

"அந்த வளைவில. நெல்லில."

"என்னத்துக்கு அந்தப் பக்கம் போன நான்?"

"கோயிலுக்கு."

"அந்தப் பக்கம் எந்தக் கோயில் இரிக்கு?"

அவர் சற்று யோசித்தார். "சந்தைக்கு எண்டு சொல்லு."

"ஞாயிற்றுக்கிழம சந்தை கூடுறல்லயே. அது போகட்டும், விழுந்தது நான், முழங்காலில கட்டு உங்களுக்கு. அதுக்கென்ன சொல்ற?"

வினாயகமூர்த்தி தம் முழங்காலைப் பார்த்தார், அவள் முழங்காலைப் பார்த்தார். "கொஞ்ச நேரத்துக்கு உனக்கும் ஒரு கட்டுக் கட்டி விடட்டா?" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தவருக்கு ஒரு முழத் துணி பெரிய காரியமா?

அவள் அலுமாரியைத் திறந்து காப்புறுதிப் படிவத்தின் பிரதியை எடுத்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று தெரிய வேண்டாமா? கதிரையில் இருந்து முதல் வரியிலிருந்து வாசித்தாள். அந்தப் படிவத்தை முழுக்க வாசித்த முதல் ஆள் அவள்தான். பூட்டுள்ள கொட்டகை வந்தபோது சிரித்தாள், மேட்டு நிலம் வந்தபோது வாய்விட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் பெண். கோயிலுக்கும் சந்தைக்கும் யாரையும் கேட்காமல் போய்வரும் பெண். ஆறு வருட அனுபவம், ஒரு பிழையும் செய்யாதவள். அவள் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஆரு இந்தப் பொம்புள?" என்றாள். "நல்லாத்தான் இரிக்கா."



காலையில் ஷாமிலோடு வந்த மதிப்பீட்டாளர் தனுஷியா என்ற இளம்பெண். வண்டியை நாலு பக்கமும் படம் எடுத்தாள். மாமரத்தைப் பார்த்தாள், கோழிக்கூட்டைப் பார்த்தாள், வினாயகமூர்த்தியின் முழங்காலைப் பார்த்தாள். அவர், முருங்கையிலிருந்து விழுந்ததாகக் கேளாமலே சொன்னார். வளவில் முருங்கை இல்லை.

தனுஷியா யசோதினியின் பக்கம் திரும்பினாள். "நீங்களா அக்கா ஓடிட்டு வந்தீங்க?"

ஷாமில் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தான்.

"இல்ல மகள்" என்றாள் யசோதினி. "ஓடினதும் இவர்தான், விழுந்ததும் இவர்தான். பைக் மட்டும்தான் என்ட."

அறுபத்தெட்டாயிரமும் தன் கண்ணெதிரே பறந்து போவதை வினாயகமூர்த்தி பார்த்தார். கோபம் வந்தது. ஆனால் யாருடைய வளவில் நின்று கத்துவது?

"அப்ப கிளைம் இல்ல அக்கா" என்றாள் தனுஷியா.

"வேணாம். என்ட சீட்டுக் காசு இரிக்கு, நான் திருத்துவன். இந்தப் படிவத்தைத் திருத்தேலுமா? கொட்டகை இல்ல, மாமரம் எண்டு போடுங்க. மேட்டு நிலம் இல்ல, பள்ளம். வெள்ளத்தையும் சேருங்க. ஓடுற ஆள் நான்தான், அத அப்பிடியே விடுங்க. இனி நான்தான் ஓடப்போறன்."

ஷாமில் தொலைபேசியை எடுத்துக் கணக்குப் போட்டான். மாமரத்துக்குக் கொஞ்சம் ஏறியது, வெள்ளத்துக்குக் கொஞ்சம் ஏறியது. முடிவில் பதினோராயிரத்து அறுநூறு என்றான். வினாயகமூர்த்தியின் மனம், அந்த வேதனையிலும், ஊர் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அடுத்த குறைந்த ஆள் பன்னிரண்டாயிரம். தப்பியது!

"தம்பி, என்னையும் ஓடுற ஆளா ஒரு ஓரத்தில போடு" என்றார். "நானும் கடைக்குப் போகவேணுமே."

"போடலாம் அண்ணன். முந்தி எப்பயாவது விழுந்திரிக்கீங்களா?"

"இல்ல" என்று தொடங்கினார். யசோதினி பார்த்தாள். "ரெண்டு தரம்."

"மூண்டு" என்றாள் அவள். "பாலத்தடியில விழுந்தத அயத்துப் போனீங்க. இதோட நாலு."

ஷாமில் எல்லாவற்றையும் தட்டினான். சொல்வதற்குக் கூச்சப்பட்டவன் போலத் தொலைபேசியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினான். பதினேழாயிரத்து நானூறு. பழுகாமத்தில் எவனும் அவ்வளவு கட்டியதில்லை.

வினாயகமூர்த்தி மீண்டும் ஒரு தரம் பார்த்தார். எஞ்சினை மாற்றவில்லை. வண்டியின் பெறுமதி ஏறவில்லை. மரமும் வெள்ளமும் முன்பே கணக்கில் சேர்ந்துவிட்டன. புதிதாகச் சேர்ந்தது அவர் ஒருவர்தான். எத்தனை தேநீர்க் கடைகளில் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பார்! கட்டுப்பணத்தைக் கூட்டுகிற காரணங்களிலே பெரிய காரணம் தாமேதான் என்பது அவருடைய பட்டியலில் ஒருநாளும் இருந்ததில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வருடமாக மறைத்துவைத்திருந்த மனிதனை, தொப்பையும் நாலு விழுகையுமாக, ஒரு சின்னத் திரையில் விலைபோட்டுக் காட்டிவிட்டார்களே.

"என்ன அண்ணன், போடவா?"

ஓட்ட வேண்டுமென்றால் ஊரிலேயே அதிகம் கட்டும் மனிதராக வேண்டும். ஓட்டாமல் விட்டால் ஊரிலேயே குறைந்த கட்டுப்பணம் அந்த வளவை விட்டுப் போகாது. நீங்களும் நானுமாக இருந்தால் என்ன செய்வோமோ தெரியாது. வினாயகமூர்த்தி ஐந்து விநாடிதான் யோசித்தார்.

"வேணாம் தம்பி. என்ட பேரப் போடாத."

வண்டி திருந்தி வந்தது. முதல் இரண்டு நாள் யசோதினி வளவுக்குள் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். ஒரு கோழி மாத்திரம் மனம் புண்பட்டது. மூன்றாம் நாள் தெருவில் இறங்கினாள். கால் தன்பாட்டில் கியரைத் தேடிக் கண்டுபிடித்தது. நெல் கிடந்த இடங்களில் தரையில் காலை ஊன்றி மெல்ல நகர்ந்தாள். ஒரு மாதத்துக்குள் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிக் களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் போய், முடிந்தால் மட்டும் வரும் வழியில் கணவனைக் கடையிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தாள். முடியாத நாளில் அவர் நடந்தார்.

அவர் அடங்கிவிட்டார் என்று நினைக்கிறீர்களா? போன கிழமை தேநீர்க் கடையில் ஒருவன் பதின்மூன்றாயிரம் கட்டியதாகச் சொல்ல, வினாயகமூர்த்தி கண்ணை மூடித் தலையை ஆட்டினார். தாம் இந்த வருடம் தொடக்கம் பின்சீட்டில் போவதாகவும், பின்சீட்டுக்காரனிடம் எந்தக் கம்பனியும் ஒரு சதமும் வாங்க முடியாதென்றும், இந்த நுணுக்கம் அறியாமல் உலகம் இன்னும் முன்சீட்டில் இருந்து காசைக் கொட்டுகிறதென்றும் விளக்கினார். வெளியில் யசோதினி ஹோர்ன் அடித்தாள். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் அந்த நோய் இல்லை, நீங்கள் நேர்மையான மனிதர், கேட்ட காசைக் கட்டிவிட்டுப் போகிறவர். இருந்தாலும் வீட்டுக்குப் போனதும் உங்கள் படிவத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நிதானமாக ஓட்டுகிற, எங்கும் விழாத, வண்டியைப் பூட்டி வைக்கிற, தண்ணீர் ஏறாத இடத்தில் குடியிருக்கிற ஒரு நல்ல மனிதர் அதில் இருப்பார். அவர்தான் நீங்கள் என்று கையெழுத்தும் இருக்கும். அவரை நீங்கள் எங்காவது சந்தித்திருக்கிறீர்களா? சந்தித்ததில்லை என்றால் அந்தப் படிவத்தை இன்றைக்கே வாசித்து முடித்துவிடுங்கள். உங்கள் அடுப்படியிலும் மீன் பொரியும் சத்தம் எந்நேரமும் நின்றுவிடலாம். நின்றதும், யசோதினியைப் போல, வீட்டில் வேறு யாருக்காவது அதை வாசிக்க நேரம் கிடைக்கும்.